முதலில் பதிவு, பிறகே மணியோசை

இணையச் செயலி கட்டித்தரச் சொல்பவர்கள் வேலை முடியும் நேரத்தில், "அப்படியே நோட்டிஃபிகேஷனும் சேர்த்துடுங்க" என்று கேட்பது வழக்கம். கேட்பவர் மனதில் இருப்பது ஒரு மணிச் சின்னமும் அதன் மேல் ஒரு சிவப்பு எண்ணும்தான். கட்டுபவருக்கு அது நான்கு தனி வேலை. பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் 'சேமித்தாயிற்று' என்று சொல்ல வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் நடந்ததை அவர் திரும்பி வரும்வரை வைத்திருந்து காட்ட வேண்டும். உலாவியை மூடிவிட்டுப் போனவரை எட்டிப் பிடிக்க வேண்டும். செயலிப் பக்கமே வராதவருக்கு ஈமெயிலோ எஸ்.எம்.எஸ்.ஸோ அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நல்ல லைப்ரரிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை நிறுவுவது ஒரு நாள் வேலைதான். பிறகு வரும் சிக்கல்கள்தான் மாதக் கணக்கில் இழுக்கின்றன.

பேச வசதியாக ஒரு மருத்துவமனையின் முன்பதிவுச் செயலியை எடுத்துக்கொள்வோம். நோயாளி நேரம் குறிக்கிறார்; மருத்துவர் தாமதமாகிறார்; ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது; ஒரு நாள் மருத்துவர் விடுப்பு எடுக்கிறார். இந்த நான்கு நிகழ்ச்சிகளையும் மனதில் வைத்துக்கொண்டு இன்று கிடைக்கும் லைப்ரரிகளைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒலியெழுப்புவதற்கும் ஒளிரச் செய்வதற்கும் கருவிகள் ஏராளம். யாருக்கு, எது, எப்போது தெரிவிக்கப்பட்டது என்று நம்பகமாகப் பதிந்துவைக்கும் கருவிகள் குறைவு. பதிவு சரியாக இருந்தால் மற்றவை பின்னால் வரும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

பலரும் தொடங்குவது திரையின் மூலையில் எழும்பி மறையும் சிறு பெட்டியில். ஆங்கிலத்தில் வழங்கும் டோஸ்ட் என்ற பெயரே நம் அலுவலகங்களிலும் நிலைத்துவிட்டது. ஜான் பாப்பாவும் நண்பர்களும் எழுதிய டோஸ்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஜேக்வெரி காலத்தில் எங்கும் பரவியது. ரியாக்ட் உலகில் ரியாக்ட்-டோஸ்டிஃபை, சோனர் போன்றவை அந்த இடத்துக்கு வந்தன. ஒரே வரியில் அழைத்தால் அழகான பெட்டி வந்துவிடும். அந்த எளிமையே இதில் ஆபத்து.

டோஸ்டரில் எதையும் மாற்றாமல் விட்டால் பெட்டி 5 விநாடியில் மறைந்துவிடும். 'சேமித்தாயிற்று' என்பதற்கு அது போதும். 'பணம் கழிந்தது, ஆனால் முன்பதிவு உறுதியாகவில்லை' என்ற செய்தியை 5 விநாடியில் மறைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது போய்விட்டிருக்கும். இன்னொரு குறை பாதுகாப்பு சார்ந்தது. செய்தியில் உள்ள எச்.டி.எம்.எல். குறிகளை டோஸ்டர் தானாகச் செயலிழக்கச் செய்வதில்லை. அந்தத் தெரிவை நாம்தான் இயக்க வேண்டும். பதிவுப் படிவத்தில் பெயர் என்ற இடத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால், 'இன்னார் நேரம் குறித்துள்ளார்' என்று வரவேற்பு மேசையின் திரையில் எழும் பெட்டி அந்த ஸ்கிரிப்டை இயக்கிவிடும். வரவேற்பு மேசையில் திறந்திருப்பது எல்லா நோயாளிகளின் விவரமும் தெரியும் கணக்கு.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கு இந்தப் பெட்டி வந்ததே தெரியாமல் போவதும் உண்டு. 2018 ஜூனில் வெளியான வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.1 பதிப்பு, நிலைச் செய்திகள் பயனரின் கவனக்குவியத்தை இடம் மாற்றாமலேயே திரைவாசிப்பானுக்கு எட்ட வேண்டும் என்று தனி விதியாகவே சொன்னது. அதற்கான வழி, மாற்றங்களை வாசித்துக் காட்டும்படி குறித்துவைத்த ஒரு பகுதியைப் பக்கத்தில் வைப்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பகுதி காலியாகவேனும் முன்கூட்டியே பக்கத்தில் இருக்க வேண்டும். செய்தி அதற்குள் பிறகு வந்து விழ வேண்டும். பகுதியையும் செய்தியையும் ஒரே நொடியில் உருவாக்கினால் பல திரைவாசிப்பான்கள் வாய் திறப்பதில்லை. கிட்ஹப்பின் வடிவமைப்புத் தொகுப்பான பிரைமர், இது போன்ற காரணங்களால் டோஸ்டே வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் தவறவிட்டால் நஷ்டம் தரும் எதையும் தானாக மறையும் பெட்டியில் வைக்கக் கூடாது. பிழைச் செய்தியைப் பிழை நடந்த கட்டத்தின் அருகிலேயே எழுதி, பயனர் மூடும்வரை நிற்கவிட வேண்டும்.

சர்வர் பக்கத்தில் டோஸ்டின் உறவு, ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் தாவும் ஒற்றைச் செய்தி. ரெயில்ஸில் ஃபிளாஷ் என்ற பெயரில் இருக்கிறது. ஜாங்கோவில் 2010இல் வந்த 1.2 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது. ஒருமுறை காட்டியதும் அழிந்துவிடும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

உண்மையான வேலை தரவுத்தளத்தில் தொடங்குகிறது. பி.எச்.பி. மொழியில் எழுதுவோருக்கு லாராவெல் இந்தப் பதிவு வசதியை 2016இல் 5.3 பதிப்பிலேயே ஆயத்தமாகத் தந்துவிட்டது. ஒவ்வொரு வகை அறிவிப்புக்கும் ஒரு கிளாஸ். அது எந்த வழிகளில் போக வேண்டும் என்று ஒரு மெத்தட் சொல்லும்: ஈமெயில், தரவுத்தளம், நேரலை ஒளிபரப்பு, ஸ்லாக், எஸ்.எம்.எஸ். தரவுத்தள வழியைத் தேர்ந்தால் ஓர் அட்டவணையில் பெறுநர், அறிவிப்பின் வகை, ஜேசன் வடிவில் விவரம், வாசித்த நேரம் ஆகியவை சேரும். வாசித்தாரா இல்லையா என்று ஆம்-இல்லை போடாமல் வாசித்த நேரத்தையே வைத்திருப்பது நல்ல தேர்வு. "எனக்கு யாருமே சொல்லவில்லை" என்று நோயாளி கேட்கும்போது, இன்ன தேதி இன்ன நேரத்தில் இது உங்கள் கணக்கில் திறக்கப்பட்டிருக்கிறது என்று மரியாதையாகப் பதில் சொல்ல முடியும்.

லாராவெல் அட்டவணையில் கவனிக்க வேண்டிய ஒன்று, வகை என்ற கட்டத்தில் கிளாஸின் முழுப் பெயரே எழுதப்படுவது. இரண்டு ஆண்டு கழித்து நிரலைச் சீர்செய்கிறேன் என்று யாராவது அந்தக் கிளாஸின் பெயரை மாற்றினால், பழைய வரிசைகள் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பெயரை நம்பி எழுதிய பட்டியல் பக்கம் உடையும். முதல் நாளே வகைக்கு நிலையான ஒரு குறியீட்டைச் சூட்டிவிடுவது நல்லது. அதற்கு லாராவெலிலேயே வழி இருக்கிறது.

ரெயில்ஸ் உலகில் கிறிஸ் ஆலிவர் உருவாக்கிய நோட்டிஸ்டு என்ற ஜெம் இதே வேலையைச் செய்கிறது. அதன் 2ஆம் பதிப்பு நிகழ்ச்சியையும் அறிவிப்பையும் இரண்டு அட்டவணைகளாகப் பிரித்தது. மருத்துவர் விடுப்பு என்பது ஒரே நிகழ்ச்சி. அதனால் பாதிக்கப்பட்ட நாற்பது நோயாளிகளுக்கு நாற்பது அறிவிப்பு வரிசைகள். நிகழ்ச்சியின் விவரம் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். யார் பார்த்தார், யார் திறந்தார் என்பது ஆளுக்கு ஆள் தனியாக இருக்கும். பார்த்த நேரமும் வாசித்த நேரமும்கூட அதில் தனித்தனி. மணியை அழுத்திப் பட்டியலை நோக்கியவர் எல்லாவற்றையும் படித்துவிட்டதாகக் கொள்ள முடியாது அல்லவா? நான் பார்த்த வடிவங்களில் யோசித்துச் செய்த அமைப்பு இது என்பேன். ரெயில்ஸ் பக்கமே போகாதவர்களும் இந்த அட்டவணைப் பிரிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

ஜாங்கோவுக்கான ஜாங்கோ-நோட்டிஃபிகேஷன்ஸ் வேறு பாதையில் போகிறது. செய்பவர், வினை, செயப்படுபொருள், இலக்கு என்று ஒரு வாக்கியத்தின் உறுப்புகளாக நிகழ்ச்சியைப் பிரித்து வைக்கிறது. வலைத்தளங்களின் செயல்பாட்டு ஓடைகளுக்காக எழுந்த இந்த மாதிரியின் அடுத்த வடிவத்தை 2017இல் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத் தரமாகவே வெளியிட்டது. தேடுவதற்கும் வடிகட்டுவதற்கும் மிக வசதி. ஆனால் உறுப்புகளை வந்த வரிசையிலேயே ஒட்டி வாக்கியமாக்கினால், 'டாக்டர் கலா மாற்றினார் உங்கள் நேரம்' என்று திரையில் வரும். வினை இறுதியில் நிற்கும் மொழிக்கு இந்த ஒட்டுவேலை ஆகாது.

தமிழில் செயலி செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேற்றுமை உருபு. வார்ப்புருவில் பெயருக்கு ஒரு கட்டம் விட்டு, அதன் பின் 'க்கு' என்று எழுதிவைத்தால் மணி மட்டும் 'மணிக்கு' ஆவார். முருகன் 'முருகன்க்கு' ஆவார். சீதா 'சீதாக்கு' ஆவார். முருகனுக்கு என்றும் சீதாவுக்கு என்றும் எழுத, பெயரின் ஈற்றெழுத்தைப் பார்த்து உருபு சேர்க்கும் நிரல் வேண்டும். ஆங்கில எழுத்தில் பதிந்த பெயரில் அதுவும் பலிக்காது. எளிய வழி, பெயர் உருபேற்காத இடத்தில் நிற்கும்படி வாக்கியத்தையே அமைப்பது: 'நோயாளி: முருகன். நேரம்: காலை 10.30. மருத்துவர்: கலா.' இது நயமான உரைநடை இல்லைதான், ஆனால் யார் பெயர் வந்தாலும் பிழையாகாது. இதனாலேயே தரவுத்தளத்தில் முடிந்த வாக்கியத்தைச் சேமிக்கக் கூடாது என்கிறேன். விவரங்களைச் சேமித்து, காட்டும் நேரத்தில் வாசிப்பவரின் மொழியில் வாக்கியம் அமைக்க வேண்டும். அப்போதுதான் இன்று ஆங்கிலத்தில் பார்த்தவர் நாளை மொழியை மாற்றினால் பழைய அறிவிப்புகளும் தமிழாகும்.

இனி, எந்த லைப்ரரியின் முதல் பக்க விளக்கத்திலும் தென்படாத ஓரிடம். நோயாளி 10.30 மணிக்கு நேரம் குறிக்கிறார். நிரல் தரவுத்தளப் பரிவர்த்தனை ஒன்றைத் திறக்கிறது, முன்பதிவை எழுதுகிறது, அறிவிப்பு வேலையைப் பின்னணி வேலைகளின் வரிசையில் போடுகிறது, அடுத்த வரியில் பணம் செலுத்தும் பகுதி பிழை தருகிறது. பரிவர்த்தனை ரத்தாகிறது, முன்பதிவு எழுதப்படவே இல்லை. வரிசையில் போட்ட வேலையோ தரவுத்தளத்துக்கு வெளியே ரெடிஸில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த நொடியில், 'உங்கள் நேரம் உறுதியாகிவிட்டது' என்ற செய்தி நோயாளிக்குப் போகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. பரிவர்த்தனை முடிவதற்கு முன்பே வரிசைத் தொழிலாளி என்ற நிரல் வேலையை எடுத்துவிட்டால், அவன் தேடும் முன்பதிவு தரவுத்தளத்தில் இன்னும் இருக்காது; வேலை பிழையாகி விழும். நிரலாளரின் மடிக்கணினியில் இரண்டும் நடப்பதில்லை. கூட்டம் அதிகமுள்ள திங்கள் காலையில் நடக்கும்.

மருந்து எல்லாத் தளங்களிலும் இருக்கிறது. ஜாங்கோவில் 1.9 பதிப்பிலிருந்து, பரிவர்த்தனை வெற்றியானால் மட்டும் இதைச் செய் என்று சொல்லலாம். ரெயில்ஸிலும் லாராவெலிலும் அதற்கு இணையானவை உண்டு. இன்னும் உறுதி வேண்டுமானால், அனுப்ப வேண்டியதை முன்பதிவோடு ஒரே பரிவர்த்தனையில் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டு, தனி நிரல் ஒன்று அதைப் படித்து அனுப்பலாம். எழுதப்பட்டால் இரண்டும் எழுதப்படும். இல்லையென்றால் இரண்டும் இல்லை. மருத்துவமனை, வங்கி, தேர்வு முடிவு என்றால் நான் இதைத்தான் தேர்வேன்.

வரிசைகள் ஒரு வேலையைச் சில நேரம் இருமுறை செய்யும் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் எழுத வேண்டும். அனுப்பி முடித்த தொழிலாளி, முடித்தேன் என்று சொல்வதற்குள் சர்வர் விழுந்தால், எழுந்ததும் மீண்டும் அனுப்புவான். பெறுநர், நிகழ்ச்சி, வழி ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்க்கை ஒருமுறைதான் வரலாம் என்று அட்டவணையிலேயே கட்டுப்பாடு போட்டுவைத்தால் இந்த இரட்டிப்பு பெருமளவு அடங்கும்.

மணிச் சின்னத்தின் எண்ணை உடனுக்குடன் மாற்றுவது பற்றி அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது. இருவழிப் பேச்சுக்கான வெப்சாக்கெட் 2011 டிசம்பரில் தரமானது, சாக்கெட்.ஐஓ அதைச் சுலபமாக்கியது. ஆனால் அறிவிப்பு ஒருவழிச் சமாச்சாரம். சர்வரிலிருந்து உலாவிக்கு மட்டும் ஓடும் நிகழ்வோடை இதற்குப் போதும். இணைப்பு அறுந்தால் உலாவியே மீண்டும் இணைந்து, கடைசியாக வந்த எண்ணைச் சொல்லி மீதியைக் கேட்கும். பழைய எச்.டி.டி.பி. 1.1இல் ஒரு தளத்துக்கு உலாவி 6 இணைப்புதான் திறக்கும் என்பதால், ஏழாவது டேபில் செயலி உறைந்துபோகும்; எச்.டி.டி.பி. 2இல் அந்தத் தொல்லை இல்லை. எனினும் மருத்துவமனைச் செயலிக்கு, 30 விநாடிக்கு ஒருமுறை எண்ணை மட்டும் கேட்டுவாங்கும் எளிய முறையிலேயே தொடங்கச் சொல்வேன். வாசிக்காதவற்றுக்குச் சரியான இண்டெக்ஸ் போட்டிருந்தால் சர்வருக்கு அது சுமையே இல்லை.

உலாவி மூடியிருக்கும்போதும் எட்டும் புஷ் அறிவிப்பு தனி உலகம். குரோம் 2015 ஏப்ரலில் 42ஆம் பதிப்பில் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2016 ஜனவரியில் சேர்ந்தது. ஐபோனில் 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்புக்குப் பிறகுதான் சாத்தியமாயிற்று. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும். நோயாளிகளில் ஐபோன்காரர்கள் இருந்தால் புஷ்ஷை மட்டும் நம்பக் கூடாது.

பயனர் அனுமதி தந்ததும் உலாவி ஒரு முகவரியையும் இரண்டு சாவித் துண்டுகளையும் தருகிறது. அவற்றைச் சேமித்துக்கொண்டு, நம் சர்வர் செய்தியைப் பூட்டி, நாம்தான் அனுப்புகிறோம் என்று கையொப்பமிட்டு, கூகுள், மொசில்லா, ஆப்பிள் ஆகியோரின் புஷ் சேவைக்குத் தர வேண்டும். இந்தப் பூட்டுவேலையைக் கையால் எழுதவே கூடாது. நோடுக்கு வெப்-புஷ், பைத்தானுக்கு பைவெப்புஷ் என்று சோதித்துத் தேறிய லைப்ரரிகள் இருக்கின்றன. லைப்ரரி செய்யாத, நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: புஷ் சேவை 404 அல்லது 410 என்று பதில் தந்தால் அந்த முகவரி செத்துவிட்டது, உடனே அழிக்க வேண்டும். அழிக்காத செயலிகள் செத்த முகவரிகளுக்கே ஆண்டுக்கணக்கில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்.

புஷ் நெறிமுறையில் அருமையான இரண்டு வசதிகள் இருந்தும் பலர் தொடுவதில்லை. ஒன்று ஆயுள். மருத்துவர் 40 நிமிடம் தாமதம் என்ற செய்தி ஒரு மணி நேரத்துக்குப் பின் பொய். ஆயுளை விநாடிகளில் சொல்லிவிட்டால், அணைந்திருந்த போன் மாலையில் விழிக்கும்போது அந்தச் செய்தி வராது. இன்னொன்று தலைப்பு. ஒரே தலைப்பில் அடுத்த செய்தி வந்தால், இன்னும் போய்ச் சேராத பழையதை அது நீக்கிவிடும். 40 நிமிடம், 60 நிமிடம், ரத்து என்று மூன்று செய்திகள் அடுக்கி நிற்காமல் கடைசியானது மட்டும் சேரும்.

அனுமதி கேட்பதில்தான் நம் துறை நாகரிகம் தவறியது. 2018 டிசம்பர் 25 தொடங்கி ஒரு மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களிடம் 145 கோடி முறை அனுமதி கேட்கப்பட்டதாகவும், ஏற்கப்பட்டவை சுமார் 2 கோடியே 36 லட்சம்தான் என்றும் மொசில்லா வெளியிட்டது. ஏற்ற ஒவ்வொன்றுக்கும் அறுபது மறுப்பு அல்லது புறக்கணிப்பு. விளைவாக 2020இன் தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 72, பயனர் ஏதேனும் அழுத்தாமல் இந்தக் கேள்வியை முன்னிறுத்துவதை நிறுத்தியது. குரோம் 80 சத்தமில்லாத கேள்வி முறையைக் கொண்டுவந்தது. ஒருமுறை மறுத்தவரிடம் மீண்டும் கேட்க வழியில்லை என்பதால், முன்பதிவு முடிந்த திரையில், 'மருத்துவர் தாமதமானால் போனில் தெரிவிக்கவா?' என்று நம் சொந்தப் பொத்தானை வைத்து, அதை அழுத்தியவரிடம் மட்டும் உலாவியின் அனுமதியைக் கேட்க வேண்டும். காரணம் கண்முன் இருக்கும்போது மக்கள் சரி என்கிறார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புஷ் செய்தி வழியெங்கும் பூட்டப்பட்டே போனாலும், போனின் பூட்டுத்திரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி விரியும். 'உங்கள் ஹெச்.ஐ.வி. பரிசோதனை முடிவு தயார்' என்ற வரியை மேசைமேல் கிடக்கும் போனில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 'மருத்துவமனையிலிருந்து புதிய தகவல்' என்று மட்டும் சொல்லி, உள்ளே நுழைந்தபின் விவரம் காட்டுவது ஒருவரின் வாழ்க்கையைக் காப்பாற்றும் முடிவாகவே இருக்கலாம். இதை எந்த லைப்ரரியும் நமக்காக யோசிக்காது.

ஈமெயிலில் சொல்ல அதிகமில்லை. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் கொண்டுவந்த விதிகளுக்குப் பின், மொத்தமாக அனுப்புவோர் ஒரே அழுத்தில் விலகும் வசதியையும் தர வேண்டியிருக்கிறது. எஸ்.எம்.எஸ். இந்தியாவில் தனிக் கதை. டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்ததிலிருந்து மாறினால் செய்தி வழியிலேயே நின்றுவிடும். எனவே வாக்கியத்தை நிரலில் மாற்றும் உரிமை நிரலாளருக்கு இல்லை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடுதான். 'அறிவிப்பு' என்று எழுதினால் கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஒருங்குறிக் கணக்கில் ஒன்பது குறியீடு. நீளமான தமிழ்ச் செய்தி இரண்டு மூன்றாக உடைந்து, அத்தனைக்கும் கட்டணம் ஏறும்.

இத்தனை வழிகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது பெரிய கொடுமை. ஒரு செய்தி மணியிலும் போனிலும் ஈமெயிலிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும் ஒரே நிமிடத்தில் வந்தால் மக்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். பிறகு உயிர்போகிற செய்தியும் போய்ச் சேராது. முதலில் சொன்ன பதிவின் மதிப்பு இங்கேதான் தெரியும். நோட்டிஸ்டு ஜெம்மில், 15 நிமிடம் பொறு, அதற்குள் வாசித்திருந்தால் ஈமெயில் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதலாம். லாராவெலிலும் அனுப்பும் கணத்தில் மறுபரிசீலனை செய்யும் மெத்தட் உண்டு. வாசித்த நேரம் என்ற அந்த ஒரு கட்டம் இல்லையென்றால் இதெல்லாம் முடியாது. நோவு, ஒன்சிக்னல் போன்ற சேவைகள் வழிகளைக் கோத்துத் தருகின்றன. பெரிய குழுவுக்கு அவை லாபம். ஆனால் பதிவு நம் தரவுத்தளத்தில் இருக்கட்டும். ஃபயர்பேஸின் பழைய புஷ் இடைமுகம் 2024இல் மூடப்பட்டபோது, அதை நம்பி எழுதியவர்கள் அனுப்பும் பகுதியையே திருத்த வேண்டியிருந்தது. பதிவைத் தம்மிடம் வைத்திருந்தவர்களுக்கு வேலை அந்தப் பகுதியோடு நின்றது.

சோதனையைப் பற்றி ஒன்று. 2021 ஜூனில் எச்.பி.ஓ. மேக்ஸ் சந்தாதாரர்கள் பலருக்கு, 'ஒருங்கிணைப்புச் சோதனை ஈமெயில் 1' என்ற பொருளில் ஒரு வெற்றுக் கடிதம் போய்ச் சேர்ந்தது. உலகமே சிரித்து, அதை அனுப்பிய பயிற்சிப் பணியாளருக்கு ஆறுதல் சொல்லி விட்டுவிட்டது. படத்தளம் என்பதால் தப்பித்தது. புற்றுநோய்ப் பிரிவில் நேரம் குறித்தவருக்குச் சோதனை வார்ப்புரு ஒன்றிலிருந்து 'உங்கள் முடிவு: பாசிட்டிவ்' என்று போயிருந்தால்? உண்மைச் சர்வர் தவிர வேறெங்கும் வெளியே செல்லும் கதவு திறக்கவே கூடாது. சோதனைச் சூழலில் ஈமெயில் மெயில்பிட் போன்ற உள்ளூர்ப் பெட்டியில் விழ வேண்டும், எஸ்.எம்.எஸ். பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். புஷ் சாவிகளே வேறாக இருக்க வேண்டும். உண்மைத் தரவுத்தளத்தின் நகலை எடுத்துச் சோதிப்பவர்கள், நகல் எடுத்த கையோடு போன் எண்களையும் முகவரிகளையும் மாற்றிவிட வேண்டும். அறிவிப்பு லைப்ரரியை நிறுவும் அதே நாளில், முதல் மணி ஒலிப்பதற்கு முன், இந்தக் கதவைப் பூட்டும் நிரலை எழுதிவிடுங்கள்.